அளந்த மாசம்

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தால் எலியும் பூனையும்தான் என்று ஊர் நினைக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்த வேடிக்கை கிடைக்கவே இல்லை. அண்ணன் சாப்பிட்டானா என்று கேட்க அண்ணி மறந்த நாள் உண்டு. நான் சாப்பிட்டேனா என்று கேட்க மறந்ததில்லை. என் கல்யாணம் முறிந்து நான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, கூடப் பிறந்த அண்ணன் “அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?” என்று கேட்டான். அண்ணி என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, “மூஞ்சியக் கழுவிட்டு வா, டீ போடறேன்” என்றாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட அண்ணியை நான் இழந்துவிட்டேன், அதுவும் பரீட்சைக்குப் படிக்கப் போய், ஒரே ஒரு வாக்கியத்தால்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

எனக்குக் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டு என்று நினைக்க வேண்டாம். ரப்பர் பூட்ஸ், ஐஸ் பெட்டி, பெட்டி நிறைய பாட்டில், அவ்வளவுதான். ஏரி, வாய்க்கால், நீரேற்று நிலையம் என்று அலைந்து தண்ணீர் எடுத்து, அங்கேயே சூடும் கலங்கலும் பார்த்து எழுதி, பாட்டிலில் சீட்டு ஒட்டி, ஐஸ் உருகுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் ஒரு பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அண்ணன் தாகத்தில் எடுத்து வாயில் சரிக்கப் போனான். அண்ணி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து நான் “பாட்டில்.”

அண்ணிக்கு நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வீடு கட்டப் போகிறவர்கள் நீட்டும் வரைபடங்களைப் பிரித்துப் பார்த்து, ‘மனை எல்லை காட்டவில்லை’, ‘வடிகால் காட்டவில்லை’ என்று திருப்பிக் கொடுப்பவள். வெளியில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வீட்டுக்குள் நுழைந்து கைப்பையை வைத்தால் போதும், அன்றைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

நகராட்சியில் சுற்றுச்சூழல் அலுவலர் என்று ஒரு பதவி புதிதாக வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. சுற்றுச்சூழல் கொள்கையில் முதுகலைப் பட்டம் வேண்டும். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு. அண்ணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து, நடுவில் ஒரு வருஷம்கூடத் தட்டாமல் முடித்தால், வரம்பு தாண்டுவதற்குள் பட்டம் கையில் இருக்கும்.

“நீயும் சேருடி பாட்டில். தனியா படிச்சா நான் புஸ்தகத்து மேலயே தூங்கிடுவேன்.”

“எனக்கு எதுக்கு அண்ணி கொள்கை கிள்கை எல்லாம்? நான் தண்ணிய மோந்து பாக்கறவ.”

“அதான் வேணும். மோந்து பாக்காதவங்கதான் இத்தன நாளா கொள்கை எழுதிட்டிருக்காங்க.”

என் விண்ணப்பத்தையும் அவளே நிரப்பினாள். அட்டைப்பெட்டியில் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பாடமும் ‘முன்னுரை’, இரண்டாவது பாடம் முன்னுரைக்கு விளக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் வகுப்பு நடக்கும். பேராசிரியர் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். அவர் உயிர்த்தெழுவதற்குள் மீதி வாக்கியம் என்னவாக இருக்கும் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

எனக்குப் படிப்பு ஏறியது புத்தகத்தால் இல்லை, அண்ணியின் “அப்புறம்?” என்ற ஒரு சொல்லால்தான். வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். நான் ஏதாவது ஒன்றை அரைகுறையாகச் சொல்வேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே “அப்புறம்?” என்பாள். எனக்கே தெரியாத மீதி என் வாயிலிருந்து வரும். அவள் சொல்வாள், நான் “அதெப்படி?” என்று மறிப்பேன், அவள் யோசித்துத் திருத்துவாள். மாசு உண்டாக்கியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று ஒரு கோட்பாடு படித்தோம். மறுநாள் அண்ணன் மேஜையில் டீயைக் கொட்டினான். இரண்டு பேரும் ஒரே மூச்சில், “மாசு பண்ணினவரே தொடைக்கணும்!” என்று கத்தினோம். “ஒரு பைத்தியத்தையே சமாளிக்க முடியல, ரெண்டாயிடுச்சு” என்று அவன் துணியைத் தேடப் போனான்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கட்டினவனோடுகூட இருந்ததில்லை.

இரண்டாவது வருஷம் பெரிய ஒப்படைப்பு ஒன்று எழுத வேண்டும். உங்கள் ஊரில் உள்ள ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அது ஏன் பலிக்கவில்லை என்று ஆராய வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கு ஒரு விதி இருந்தது. கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் கட்டடம் கூடாது என்று அளந்து, வரிசையாக எல்லைக்கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு வெளியேதான் வீடுகள் கட்டப்பட்டன. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. திருட்டுத்தனமாகக் கட்டினவர்கள் என்று ஊரெல்லாம் திட்டியது. அண்ணி மட்டும் திட்டமாட்டாள். “எல்லாம் நான் முத்திரை போட்டுக் குடுத்த வீடுங்கடி. ஒண்ணுகூட விதிய மீறல. அப்பறம் எப்படி முழுகுது?” என்று மருகுவாள்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். அண்ணனைக் குடை பிடிக்கக் கூட்டிப் போனோம். அவன் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவரை வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான். நாங்கள் சேற்றில் இறங்கி நடந்தோம். அண்ணியின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். அப்போதுதான் நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றது. கரைக்கு வெகுதூரம் தள்ளி நட்ட கல். கோடையில் நான் அதே இடத்தில் தண்ணீர் எடுக்க வரும்போது கல்லிலிருந்து ஏரிக்குள் நடந்துகொண்டே இருப்பேன், தண்ணீர் வரவே வராது. இது ஏரி வற்றிக் கிடந்தபோது தண்ணீர் நின்ற விளிம்பிலிருந்து அளந்து நட்ட கல். எனக்குப் பொறி தட்டியது.

“கல்லு தப்பில்ல அண்ணி. அளந்த மாசம்தான் தப்பு” என்றேன்.

அண்ணி செருப்பை விட்டுவிட்டாள். “என்னடி சொன்னே? திரும்பச் சொல்லு.”

திரும்பச் சொன்னேன். அவள் மழையில் அப்படியே நின்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். என் முதுகெல்லாம் சேறு.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தாள். அளந்தது நல்ல கோடையில். அவ்வளவுதான், எங்களைப் பிடிக்க முடியவில்லை. மேஜையில், பஸ்ஸில், துணி காயப்போடும்போது, எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. மழைக்கால நீர்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்; நாணல் எதுவரை முளைக்கிறதோ அதுவரை ஏரி; அனுமதிக் கோப்பில் அளந்த மாதத்தைக் குறிப்பிட வேண்டும். பேசிப் பேசி ஒவ்வொரு வாக்கியமும் வழவழவென்று ஆகிவிட்டது.

எழுதும்போது மட்டும் நாங்கள் ரொம்ப நேர்மை. அவள் மேஜையில் எழுதினாள், நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டீ கொடுக்க வந்தால்கூட அண்ணி கண்ணைப் பொத்திக்கொண்டுதான் வருவாள். ஒரே நாளில் இருவரும் அனுப்பினோம்.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி எங்கள் இரண்டு கட்டுரைகளையும் பிடித்துவிட்டது. வாதங்கள் ஒன்று, உதாரணங்கள் ஒன்று, வரிசைகூட ஒன்று. முதல் வாக்கியம் எழுத்து மாறாமல் ஒன்று. ‘கல் தவறில்லை, அளந்த மாதமே தவறு.’ விளக்கம் தர இருவரும் தனித்தனியாக விசாரணைக் குழு முன் கம்ப்யூட்டரில் ஆஜராக வேண்டும். கருத்து ஒருவருடையது என்று தெளிந்தால் அவருடைய கட்டுரை நிற்கும். மற்றவர் ஒரு மாதத்துக்குள் வேறொன்று எழுதித் தரலாம். தெளியாவிட்டால் கூட்டு மோசடி. இரண்டும் ரத்து, இருவரும் அந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணிக்கு ஒரு வருஷம் போனால் வயது வரம்பு போய்விடும். அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

“எதுக்குடி பயப்படறே? உள்ளத உள்ளபடி சொல்லிடுவோம். நாம என்ன திருடினோமா?”

“ஆமா அண்ணி. உள்ளத உள்ளபடி.”

அந்த உள்ளது என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இவ்வளவு பேசினோமே, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினோமே, அதை மட்டும் பேசவில்லை. கேட்கத் தோன்றினால்தானே? இரண்டு பேருக்கும் அவ்வளவு நிச்சயம்.

முதலில் என் முறை. திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி அம்மாள் சாந்தமாகவே பேசினார். “சேர்ந்து விவாதிக்கறது தப்பில்லம்மா. ஆனா இந்த மையக் கருத்து, இந்த முதல் வாக்கியம், முதல்ல யாரோடது?”

“என்னோடதுதாங்க. ஏரிக்கரையில நான் சொன்னது. எங்க அண்ணியும் அப்படித்தான் சொல்வாங்க.” பிறகு கெஞ்சினேன். “அண்ணி வேணும்னு எடுக்கலைங்க. பேசிப் பேசி அவங்களுக்கும் வாயில வந்துடுச்சு. அவங்களுக்குத் தண்டனை எதுவும் குடுத்துடாதீங்க. ஒரு மாசம் குடுத்தா இதவிட நல்லாவே எழுதுவாங்க.”

தலைவி அம்மாள் தலையசைத்தார். எனக்கு நிம்மதி. அண்ணியின் படிப்பு தட்டாது. ஒரு மாதம் கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான். நானும் கூட உட்காருவேன்.

அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் டீ போட்டேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“முடிஞ்சுதுடி. ரொம்ப நல்ல மனுஷங்க. நீ கவலையே படாத, உனக்கு ஒண்ணும் ஆகாது.”

“எனக்கு என்ன ஆகப்போகுது?”

“அதான் சொல்லிட்டேன். அவ சின்னப் பொண்ணு, தெரிஞ்சு செய்யல, நான் சொன்னது அவ மனசுல பதிஞ்சுபோச்சு, ஒரு மாசம் குடுங்க, வேற எழுதித் தருவான்னு கேட்டுக்கிட்டேன். நானும் கூட உக்காந்து உதவி பண்றேன்.”

நான் சிரித்தேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

“விளையாடாதீங்க அண்ணி. என்ன சொன்னீங்க நெஜமா?”

“இதுல என்னடி விளையாட்டு? ஏரியில நான் சொன்னதுதானே அது?”

“நீங்க சொன்னீங்களா? அண்ணி! உங்க செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டு, என் தோளப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. நான்தான் கல்லப் பாத்தேன். நான்தான் சொன்னேன். நீங்கதான் ‘திரும்பச் சொல்லு’ன்னீங்க.”

அண்ணியின் முகம் மாறியது. கோபமில்லை, ஏதோ தெரியாத பாஷையில் நான் பேசியதுபோலப் பார்த்தாள். “இல்லடி. செருப்ப எடுத்துப் போட்டுக்கிட்டேன். அப்பறம்தான் கல்லு கண்ணுல பட்டுது. அந்தக் கோப்ப எப்பவோ பாத்த ஞாபகம், கோடையில அளந்ததுன்னு. நான் சொன்னேன், கல்லு தப்பில்லடி, அளந்த மாசம்தான் தப்புன்னு. நீதான் ‘என்ன சொன்னீங்க’ன்னு கேட்டே.”

“கோப்ப நீங்க மறுநாள்தானே பாத்தீங்க!”

“மறுநாள் சரிபாத்தேன். முன்னாடியே தெரியும்.”

“கோடையில அங்க தண்ணி எதுவர இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். நீங்க கோடையில அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்களா?”

குரல் ஏறியது. அந்தச் சமையலறையில் அதற்குமுன் குரல் ஏறியதே இல்லை. சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். இரண்டு பேரும் அவன்மேல் பாய்ந்தோம்.

“நீயே சொல்லுண்ணா, அன்னிக்கி நீயும் இருந்தியே!”

“நீங்களே சொல்லுங்க, யார் சொன்னா?”

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நான் மீன் புடிக்கறவர வேடிக்க பாத்துட்டிருந்தேனே” என்றான். இந்த மனிதனை எதற்குத்தான் கூட்டிப் போனோமோ, தலையில் அடித்துக்கொண்டேன். டீ ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. இருவரும் ஒரே கருத்துக்கு உரிமை கொண்டாடுவதால் உண்மை தெளியவில்லை, இரண்டும் ரத்து. மேல்முறையீட்டுக்கு அவகாசம் உண்டு என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. இருவரில் ஒருவர் தன் வாக்குமூலத்தைத் திருத்திக்கொண்டால் மறுபரிசீலனை செய்வார்களாம்.

அந்த வரியை அவளும் படித்தாள், நானும் படித்தேன். நான் எப்படித் திருத்துவேன்? நான் பொய் சொல்லவில்லையே. அவள் திருத்துவாள் என்று காத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவளும் எனக்காக அதே மாதிரி காத்திருந்திருப்பாள். அவகாசம் முடிந்தது.

அண்ணி சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பிட்டாயா என்று கேட்பதைக்கூட அவள் நிறுத்தவில்லை. ஆனால் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். பாட்டில் என்று கூப்பிடுவது நின்றது. அதற்குப் பதிலாக எதுவுமே இல்லை. பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பாள், நான் திரும்ப வேண்டும். கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் சமையலறைக்குள் நுழைந்தால், அவசரமே இல்லாததுபோல் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போவாள். அலுவலகத்துக் கதைகளை அண்ணனிடம் சொல்வாள். அவனுக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கண்ணீர் வரும்.

அந்த வருஷத்தைத் திரும்பப் படித்தபோது, புது ஒப்படைப்புக்கு நான் குப்பைக் கிடங்கை எடுத்துக்கொண்டேன். ஒரு வரி எழுதுவேன், “அப்புறம்?” என்று யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருப்பேன். யார் கேட்பார்? அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். “ம்” என்றான். “அதுக்கு மேல கேளுண்ணா” என்றேன். “என்ன கேக்கணும்?” என்றான். பாவம், அவனும் என்ன செய்வான். உப்புச்சப்பில்லாமல் எதையோ எழுதி அனுப்பினேன். தேறிவிட்டேன். அண்ணியும் எதையோ எழுதித் தேறினாள். எதைப் பற்றி என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்குள் அந்தப் பதவிக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். வேறு ஊரிலிருந்து வந்த இளைஞன். கோப்புகளை அவனுக்கு எடுத்துக் கொடுத்துப் பழக்கிவிடும் வேலை அண்ணிக்கே வந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அண்ணன் என்னவென்று கேட்டான்.

“ஏரி எந்தப் பக்கம் இருக்குன்னு கேக்கறான்” என்றாள். அவ்வளவுதான், தோள் குலுங்க ஆரம்பித்தது.

நான் கதவருகில் நின்றேன். என்னால் உள்ளே போக முடியவில்லை. என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவள் அங்கே அழுகிறாள், போய்த் தொடக்கூட எனக்கு இடமில்லை. ஒரு வாக்கியத்துக்காகவா? அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறேனா? கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உண்மையாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு அண்ணி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் வெளியே போயிருந்தான். அண்ணி கட்டிலில் துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். அவள் நகர்ந்துகொள்வதற்குள் சொல்லிவிட்டேன்.

“அண்ணி, அன்னிக்கி ஏரியில… அது நீங்க சொன்னதுதான்.”

மடித்த கை நின்றது.

“நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீங்கதான் சொன்னீங்க. நான்தான் திரும்பச் சொல்லச் சொன்னேன். எனக்கு ஞாபகம் வந்துடுச்சு.”

‘அட லூசே’ என்று தலையில் ஒரு தட்டு தட்டுவாள், கொஞ்சம் அழுவாள், நானும் அழுவேன், பிறகு டீ போடுவாள் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நாளுக்கு அப்புறம் அன்றுதான் நேராகப் பார்த்தாள்.

“எப்ப ஞாபகம் வந்துச்சு?”

இதை நான் ஒத்திகை பார்க்கவில்லை. “இப்பத்தான்… கொஞ்ச நாளா” என்று உளறினேன்.

“கொஞ்ச நாளாவா?”

“ஆமா.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் அண்ணனின் சட்டை இருந்தது. அதன் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினாள்.

“இத்தன நாளும் நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல. அவளுக்கு நெஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கு. என்ன பண்ண முடியும், மனசு அப்படி வெச்சுக்கிச்சு. ஒருவேள தப்பா ஞாபகம் வெச்சிருக்கறது நான்தானோன்னுகூட நெனச்சேன். தெனமும் காலைல எழுந்து இதத்தான் எனக்கு நானே சொல்லிக்குவேன். அத சொல்லிக்கிட்டுத்தான் உங்களுக்குச் சாப்பாடு போட்டேன்.”

“அண்ணி…”

“கொஞ்ச நாளான்னா எப்ப? அவங்க அவகாசம் குடுத்தாங்களே, அதுக்கு முன்னாடியா? பின்னாடியா?”

முன்னாடி என்றால் நான் அரக்கி. பின்னாடி என்றால் மட்டும்? நான் விழித்த விழிப்பையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

“அப்ப தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க.”

“இல்ல அண்ணி! ஐயோ, இல்ல. இப்ப சொன்னதுதான் பொய். சத்தியமா சொல்றேன், ஏரியில சொன்னது நான்தான். நீங்க அழுததப் பாக்க முடியல. நீங்க திரும்ப எங்கூடப் பேசணும்னுதான் அப்படிச் சொன்னேன். எனக்காகச் சொல்லல, உங்களுக்காக…”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளே எத்தனையோ தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். நேற்று ஒன்று சொல்லி இன்று ஒன்று சொல்லும் ஆட்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்க்கும் பார்வை. அதில் கோபம் இருக்காது, சலிப்பு மட்டும் இருக்கும்.

“சரி” என்றாள். “நீங்களே சொன்னதா வெச்சுக்கோங்க.”

“எனக்கு அது வேணாம் அண்ணி. நீங்கதான் வேணும்.”

என்னை நம்பாமல் போனவள் இதை மட்டும் எப்படி நம்புவாள்? நான் அங்கேயே நின்று, அடி வாங்கிய குழந்தைபோல் சத்தமாக அழுதேன். அவள் எழுந்து குவியலிலிருந்து என் துணிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒழுங்காக மடித்து, என் கையில் கொடுத்தாள்.